தொடக்கூட இல்லையே, சித்தி!

இது கொஞ்சம் நீளமான பதிவு. நடுவில் எழுந்து போனாலும் இப்போது நான் பெயர் எழுதி வைக்கப்போவதில்லை.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. என் அக்கா மகனுக்கு வரும் மாசியில் கல்யாணம். உத்திரமேரூர்ப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிற்கவைத்து ட்ரோனில் படம் எடுத்திருக்கிறார்கள். மேலே போகிறது, திரும்புகிறது, ஏரி நடுவில் உள்ள கருவேல மரங்களுக்கு மேல் இறங்குகிறது. நூற்றுக்கணக்கான பறவைகள் ஒரே நேரத்தில் எழும்புகின்றன. கீழே பெண் அன்னப்பட்சி பார்டர் போட்ட அரக்குப் பட்டில் சிரிக்கிறாள். குழுவில் ஒரே பூவும் இதயமுமாகப் போட்டுத் தள்ளினார்கள்.

நான் மட்டும், "அந்த இடத்தை எடுத்துவிடு கண்ணா" என்று எழுதினேன்.

"ஏன் சித்தி? பறவைய நாங்க தொடக்கூட இல்லையே. பறக்கத்தானே வெச்சோம்?" என்று கேட்டான். அக்காவும் கூப்பிட்டு, "நல்ல காரியம் நடக்கிற வீட்ல இப்படியா சொல்லுவ?" என்று வருத்தப்பட்டாள். ஒரு வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

அந்த ஏரியிலிருந்து கொஞ்ச தூரம் போனால் வேடந்தாங்கல். 2019 வரை நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது, இப்போது செங்கல்பட்டு மாவட்டம். நம் பக்கத்தில் தாங்கல் என்றால் சின்ன ஏரி. அய்யப்பன்தாங்கல் என்கிறோமே, அதே தாங்கல்தான். வேடன் பெயரைத் தாங்கிய ஊர் வேட்டையைத் தடுத்த ஊராகப் பெயர் எடுத்தது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிரம்பியதும் கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம் எல்லாம் வந்து நீர்க்கடம்பிலும் கருவேலத்திலும் கூடு கட்டும். அவற்றின் எச்சம் ஏரியில் விழும். அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாயும். வேறு உரம் போடாமலே நெல் செழிக்கும். உரக்கடை இல்லாத காலத்திலேயே அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியும். பறவை அவர்களுக்கு அழகுப்பொருள் இல்லை, சோறு.

18-ம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு ஏரிக்கு வந்து பொழுதுபோக்குக்காகப் பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள். கும்பினி ஜாகீரின் கலெக்டராக அப்போது இருந்தவர் லயோனல் பிளேஸ். இங்கே யாரும் பறவையைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று அவர் 1798-ல் ஊராருக்கு ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். கவுல் என்றால் அரசு எழுத்தில் தரும் உறுதி. 1858-ல் ஊரார் அதை மறுபடியும் புதுப்பித்து வாங்கினார்கள். அறுபது வருஷம் கழித்தும் ஒரு காகிதத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள் பாருங்கள். நாம் ரேஷன் கார்டையே எங்கே வைத்தோம் என்று தேடுகிறோம்.

இந்த பிளேஸ் துரை நமக்குப் புதியவர் அல்ல. மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதையில் வரும் கலெக்டர் இவர்தான். கொட்டும் மழையில் கரை உடையப்போகிறது என்று பார்க்கப் போனவருக்கு, வில்லோடு இரண்டு பேர் கரையில் காவல் நிற்பது தெரிந்ததாம். பிறகு தாயார் சந்நிதியைக் கட்டிக் கொடுத்தாராம். காட்சி தெரிந்ததோ இல்லையோ, அந்தச் சந்நிதிக் கல்வெட்டில் அவர் பெயர் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் அந்தக் கதையை வருஷா வருஷம் சொல்லியிருக்கிறேன். பக்கத்திலேயே அவர் கொடுத்த பறவைக் கவுலைப் பற்றி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

தெரியாததால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1989 தை மாதம், ஒரு வேன் நிறையப் பிள்ளைகளை வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போனேன். பறவைகள் மரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தன. பிள்ளைகளுக்கு அலுப்பு. "எல்லாரும் சேர்ந்து கைதட்டுங்க, பறக்கும்" என்று சொன்னது நான்தான். கொஞ்சம் பறக்கவும் செய்தன. கரையில் மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் நின்று, "டீச்சரம்மா, நாங்க தீபாவளிக்கே இங்க பட்டாசு வெடிக்கிறதில்ல" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த வேனில் இருந்தவர்களுக்கு இப்போது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு முகம் சுருங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இனி மாப்பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். தொடாவிட்டால் என்ன ஆகும்?

அந்த வீடியோவை நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒரு மரத்தின் உச்சியில் மஞ்சள் மூக்கு நாரை ஒன்று இறக்கையைக் குடை மாதிரி விரித்து நிற்கிறது. அது போஸ் கொடுக்கவில்லை, காலடியில் உள்ள குஞ்சுகளுக்கு நிழல் பிடிக்கிறது. ட்ரோன் இறங்கியதும் எழும்பிப் போகிறது. கூட்டில் வெள்ளையாக இரண்டு குஞ்சுகள் வெயிலில் கிடக்கின்றன. இந்தப் பறவைகளுக்கு ஆபத்து என்பது பெரும்பாலும் மேலேயிருந்து வருவது: பருந்து, கழுகு. தலைக்கு மேல் ரீங்காரத்தோடு ஒன்று தொங்கினால் அது கேமரா என்று அதற்கு எப்படித் தெரியும்? தாய் திரும்பி வருவதற்குள் வெயில் வேலையைக் காட்டும், இல்லையென்றால் காக்கை.

அமெரிக்காவில் கலிபோர்னியா கடற்கரையில் போல்சா சிகா என்று ஒரு சதுப்பு நிலம் இருக்கிறது. 2021 மே மாதம் அங்கே ஆலாக்கள் முட்டையிட்டிருந்த இடத்தில் ஒரு ட்ரோன் விழுந்தது. அது ஒரு பறவையையும் அடிக்கவில்லை. ஆனால் சுமார் 3,000 ஆலாக்கள் பயந்து கிளம்பிப் போயின, கூட்டுக்குத் திரும்பவில்லை. 1,500-க்குக் குறையாத முட்டைகள் மணலில் அப்படியே கெட்டுப்போயின. அதே மாநிலத்தில் யோசெமிட்டி என்ற மலைப் பூங்காவில் கயிற்றைப் பிடித்துச் செங்குத்துப் பாறையில் ஏறுகிறவர்களின் பக்கத்தில் போய் ட்ரோன்கள் படம் பிடிக்க ஆரம்பித்தன. பாறையில் கூடு கட்டும் வல்லூறு வகைப் பறவைகளுக்கும் தொந்தரவு. 2014-ல் அந்தப் பூங்காவில் ட்ரோனுக்குத் தடை என்று அறிவித்தார்கள்.

நம் நாட்டில் 2021 ஆகஸ்டில் ட்ரோன் விதிகள் வந்தன. பச்சை மண்டலம் என்று குறித்த இடங்களில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி வேண்டாம். 250 கிராமுக்கு உட்பட்ட குட்டி ட்ரோனைப் பொழுதுபோக்குக்கு ஓட்ட உரிமமும் வேண்டாம். "அப்போ தப்பில்லையே டீச்சர்" என்பீர்கள். அந்த மண்டலங்கள் விமானத்துக்கும் பாதுகாப்புக்கும் பார்த்துப் போட்டவை. கூட்டைக் கேட்டுப் போட்டவை அல்ல.

பறவைக்கு வேறு சட்டம் இருக்கிறது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் என்ன என்று விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். கொல்வது, பிடிப்பது, பொறி வைப்பது எல்லாம் வேட்டை. காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அதே வரிசையில், அதே சொல்லின் கீழ் வருகிறது. சட்டத்தின் அட்டவணையில் உள்ள பறவை சரணாலயத்துக்குள் இருந்தாலும், வெளியே ஏதோ ஓர் ஏரியில் இருந்தாலும் வேட்டைக்குத் தடைதான். இதைப் படித்தபோது நானே சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். 1798-ல் துப்பாக்கி பிடித்தவனையும் 1989-ல் கைதட்டச் சொன்ன டீச்சரையும் இன்று ரிமோட் பிடித்த பிள்ளையையும் இந்தச் சொல் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கிறது.

வேடந்தாங்கலுக்குக் கவுல் இருந்தது. 1998-ல் அரசு அறிவிப்பு வந்தது, 2022-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்த்தார்கள். சுற்றுவட்டாரத்தில் உள்ள பல ஏரிகளுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அந்தப் பறவைகள் இரை தேடிப் போவது இந்த ஏரிகளுக்குத்தான். சிலது இங்கேயே கூடும் கட்டிவிடுகிறது. இங்கே கலெக்டரிடம் முறையிடப் போகும் ஊராராக யார் இருக்கிறார்கள்?

மாப்பிள்ளை நேற்று ராத்திரி கூப்பிட்டான். அந்தக் கூட்டுக் குஞ்சுகள் என்ன ஆயிருக்கும் என்று கேட்டான். தெரியாது என்றேன். படத்தில் அந்தக் காட்சியை எடுத்துவிட்டானா என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அந்த ஏரிக்கரைக்கு என்னோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான், ட்ரோன் இல்லாமல். என்னிடம் ஒரு பழைய பைனாகுலர் இருக்கிறது. 1989 வேன்காரர்கள் யாராவது வருவதென்றால் சொல்லுங்கள், வண்டியில் இன்னும் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.