பால்யம் யாருக்கு? - 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நாவலை முன்வைத்து

கஷ்டப்பட்ட பால்யம் என்று பேச்செடுத்தாலே சார்லஸ் டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' ஞாபகத்துக்கு வந்துவிடும். 1849 மே முதல் 1850 நவம்பர் வரை மாதாமாதம் பகுதி பகுதியாக வெளிவந்த நாவல். பிறக்கும் முன்பே அப்பா போயாச்சு. அம்மாவை மணந்தவன் பிரம்பெடுத்து அடிக்கிறான். அம்மாவும் செத்துப்போக, பத்து வயதில் லண்டன் மதுக் கிடங்கில் பாட்டில் கழுவ அனுப்பப்படுகிறான் டேவிட். படித்தால் கண் கலங்கத்தான் செய்யும். எனக்கும் கலங்கியது. ஆனால் யாருக்காகக் கலங்குகிறோம் என்கிற கேள்வியை இந்தப் பிரதியிடமே கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கிடங்கில் டேவிட் மட்டுமா இருந்தான்? மிக் வாக்கர் இருந்தான், படகுக்காரர் மகன். இன்னொருவனை 'மீலி பொட்டேட்டோஸ்' என்று கூப்பிட்டார்கள்; வெளிறின முகம், அதனால் மாவு உருளைக்கிழங்கு. அவனுடைய சொந்தப் பெயரை நாவல் கடைசிவரை சொல்வதில்லை. டேவிட்டை அரிப்பது வேலையின் கடுமை அல்ல. இப்படிப்பட்டவர்களோடு சேர்ந்துவிட்டோமே, படித்துப் பெரிய மனுஷன் ஆகிற ஆசை மண்ணாய்ப் போச்சே என்பதுதான். அதாவது பால்யத்தின் துயரம் இங்கே வர்க்கச் சரிவின் துயரமாகவே சொல்லப்படுகிறது. சரிய இடமில்லாமல் ஏற்கெனவே கீழே இருக்கிறவனுக்குத் துயரமும் இல்லை, பால்யமும் இல்லை!

இதன் வேர் டிக்கன்ஸின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. 1824இல், 12 வயது நிரம்பிய கையோடு, தேம்ஸ் ஓரத்து பூட்ஸ் பாலிஷ் கம்பெனியில் டப்பாக்களுக்குக் காகிதம் கட்டி லேபிள் ஒட்டும் வேலைக்குப் போனார். வாரக்கூலி ஆறோ ஏழோ ஷில்லிங். சில நாட்களில் அப்பா கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். இதையெல்லாம் டிக்கன்ஸ் எழுதி நண்பர் ஜான் ஃபார்ஸ்டரிடம் கொடுத்திருந்தார். 1870இல் டிக்கன்ஸ் இறந்த பிறகு, ஃபார்ஸ்டர் எழுதிய வரலாற்றின் வழியாகத்தான் ஊருக்குத் தெரிந்தது.

அந்தக் குறிப்பில் பாப் ஃபேகின் என்றொரு பையன் வருகிறான். பெற்றோர் இல்லாதவன். ஒருநாள் டிக்கன்ஸுக்கு விலாவில் வலி வந்தபோது காலி பாலிஷ் பாட்டில்களில் வெந்நீர் நிரப்பி அரைநாள் ஒத்தடம் கொடுத்தவன் அவன். சாயங்காலம் வீடுவரை கொண்டுவிடவும் கிளம்பினான். சிறை விஷயம் தெரிந்துவிடுமே என்று, வேறு யார் வீட்டையோ தன் வீடாகக் காட்டி அவனைத் திருப்பி அனுப்பினார் டிக்கன்ஸ்.

இந்த வெந்நீர் பாட்டில் நாவலில் இல்லை. ஃபேகின் என்ற பெயர் மட்டும் அதற்கு முன்பே 'ஆலிவர் ட்விஸ்ட்'டில் (1837-39) சிறுவர்களைத் திருடர்களாக்கும் கிழவனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. உதவின கைக்கு இதுவா கூலி? தற்செயல் என்று இதைத் தள்ள முடியவில்லை. அவன் அன்பை ஒப்புக்கொண்டால் தானும் அவர்களில் ஒருவன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பயம் அங்கேதான்.

சட்டத்தின் கதையும் இதுதான். 1833 தொழிற்சாலைச் சட்டம் ஒன்பது வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைக்கக்கூடாது என்றது; ஆனால் அது நூற்பு, நெசவு ஆலைகளுக்கு மட்டும். இங்கிலாந்தில் ஐந்து முதல் பத்து வயதுவரை பள்ளி கட்டாயமானது 1880இல்தான். பால்யம் இயற்கையாக வந்த பருவமல்ல, வரலாற்றில் உருவான கருத்து என்று ஃபிலிப் ஆரியே 1960இல் எழுதினார். உருவானது சரி, எல்லோருக்கும் ஒரே நாளில் உருவாகவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதனால் நாவலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒரு பையனின் அவமானத்தை அவன் கண்வழியே இவ்வளவு நுணுக்கமாகச் சொன்னது சாதாரண காரியமல்ல. ஆனால் டேவிட் டோவருக்கு நடந்தே போய் அப்பாவின் அத்தையிடம் சேர்கிறான், படிக்கிறான், எழுத்தாளன் ஆகிறான். மிக் வாக்கர் மறுநாளும் பாட்டில் கழுவ வந்திருப்பான். தப்பித்தவன் எழுதினதைத்தான் நாம் பால்யம் என்று வாசித்துக்கொண்டிருக்கிறோம்.