மொட்டைமாடித் தட்டும் மறையும் படமும்

விண்ணிலிருந்து நேரே தொலைக்காட்சி வாங்கும் முயற்சி இந்தியாவில் 1975 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கியது. நாசாவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்குப் பயன்படுத்தி, ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் போயின. ஊருக்குப் பொதுவாக ஒரு பெட்டி. அதன் அருகே கோழிவலைக் கம்பியால் முடைந்த 10 அடி ஆண்டெனா. புவிநிலைச் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பலாம் என்று 1945-இல் எழுதிய ஆர்தர் கிளார்க்கின் கொழும்பு வீட்டிலும் இந்தியப் பொறியாளர்கள் 1975-இலேயே ஓர் ஆண்டெனாவை நிறுவினார்கள். ஏ.டி.எஸ்.-6 அனுப்பிய அலையின் நீளம் 35 செ.மீ. வலையின் ஓட்டைகளும் அதற்குப் பொருட்டல்ல, மழையும் பொருட்டல்ல.

1991-இல் ஸ்டார் டி.வி., 1993-இல் சன் டி.வி. வந்தபின், கேபிள்காரர்களின் மாடிகளில் பெரிய தட்டுகள் எழுந்தன. அவை வாங்கிய சி-பேண்ட் அலையின் நீளம் 7.5 செ.மீ. மழையை அதுவும் பெரிதும் தாங்கியது. காற்றுதான் தட்டை அசைத்தது. சிக்னல் குறையக் குறையத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் கூடும். ஒருவர் மேலே தட்டை மெல்லத் திருப்ப, கீழே திரையைப் பார்ப்பவர் "போதும், போதும்" என்று குரல் கொடுப்பார். கண்ணே அங்கு அளவுகோல்.

செயற்கைக்கோளிலிருந்து நேரே வீட்டுக்கு வரும் டி.டி.எச். சேவை இந்த நிலையை அடியோடு மாற்றியது. 2003-இல் டிஷ் டி.வி., 2004-இல் டி.டி. டைரக்ட் பிளஸ், 2007-இல் சன் டைரக்ட் தொடங்கின. கேயு-பேண்டில் அலை ஏறத்தாழ 2.5 செ.மீ.க்குச் சுருங்கியதால், தட்டும் 60 செ.மீ. அளவுக்குச் சிறுத்து எளியோர் வீடுகளுக்கும் வந்தது. அதற்கு ஈடாக, கனமழையின் துளிகள் இச்சிற்றலையை விழுங்கவும் சிதறடிக்கவும் தொடங்கின. டிஜிட்டல் படமோ பலவீனத்தை முன்கூட்டிக் காட்டுவதில்லை. எல்லை வரை பளிச்சென்று நின்று, பிறகு கட்டம் கட்டமாக உடைந்து உறைந்துவிடும். "நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது" என்ற வீட்டுக்காரரின் வியப்பு நியாயமானது. பழுது மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

அதனால்தான் செட்டாப் பாக்ஸ் திரையில் வலிமை, தரம் என்று இரு பட்டைகள் வந்தன. வலிமை நின்று தரம் மட்டும் விழுந்தால், தட்டு ஒன்றிரண்டு பாகை விலகியிருக்கலாம், அல்லது வளர்ந்த தென்னையின் மட்டை குறுக்கே ஆடலாம். சில சானல்கள் மட்டும் மறைவது வேறு கதை. தட்டின் முன்னிருந்து சிக்னலை வாங்கும் எல்.என்.பி.க்குப் பெட்டி 13 வோல்ட் அனுப்பினால் ஒரு பாதிச் சானல்கள், 18 வோல்ட் அனுப்பினால் மறுபாதி. கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றில், இவ்விரண்டையும் இணைக்கும் கேபிளின் கனெக்டர் திருகைக் கழற்றினால், நடுச்செம்பில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். அந்தத் தடையில் மின்னழுத்தம் சரிய, 18 வோல்ட் பாதி காணாமல் போகும். வெயிலில் ஈரம் காய்ந்ததும் திரும்பிவிடும். வந்து வந்து போகும் பழுதுகளில் மிகவும் ஏமாற்றுவது இதுதான். களிம்பேறிய நுனியை வெட்டிப் புதிதாகப் பொருத்தி, மழைநீர் இறங்காமல் நாடா சுற்றுவதே மருந்து.

மாடியில் தீராத தடங்கல்களும் உண்டு. மார்ச்சிலும், செப்டம்பர் இறுதியை ஒட்டியும், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும் சில நாட்களில், சில நிமிடங்கள் அதன் இரைச்சல் சிக்னலை மூழ்கடிக்கும். 2010 ஜூலை 7 அன்று இன்சாட்-4பி செயற்கைக்கோளின் சூரியத் தகடு ஒன்றில் மின்கோளாறு ஏற்பட்டு, அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதி நிறுத்தப்பட்டன. அன்று மறைந்த சானல்களுக்காகக் கனெக்டர்களைக் கழற்றிப் பார்த்துப் பயனில்லை. பழுது 35,786 கி.மீ. உயரத்தில் இருந்தது.