வலிப்பு நோய்

மூளையின் நரம்பணுக்கள் திடீரென ஒருசேர, அளவுக்கு மீறி மின்துடிப்பை வெளியிடும்போது உண்டாவது வலிப்பு. உடனடிக் காரணம் ஏதுமின்றி அது மீண்டும் மீண்டும் வரக்கூடிய இயல்பை மூளை பெற்றுவிட்டால் அது வலிப்பு நோய். பேச்சு வழக்கில் காக்காய் வலிப்பு, கால்கை வலிப்பு, ஃபிட்ஸ் என்பார்கள். உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்பவர்கள்.

ஒருமுறை வலிப்பு வந்தவர் எல்லாம் வலிப்பு நோயாளி அல்லர். இரத்தத்தில் சர்க்கரையோ சோடியமோ குறைந்தாலும், மூளைக்காய்ச்சல் கண்டாலும், நெடுநாள் குடித்தவர் திடீரென மதுவை நிறுத்தினாலும் வலிப்பு வரும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் காய்ச்சலின்போது வருவதும் தனி வகை. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது வளர வளர நின்றுவிடும்.

இந்நோயை அறிவதில் ஒரு சிக்கல் உண்டு. மருத்துவர் முன் நோயாளி வந்து உட்காரும் நேரத்தில் நோய் கண்ணுக்குத் தெரிவதில்லை, வந்து போயிருக்கும். நோயாளியைக் கேட்டால், தனக்கு ஒன்றும் நினைவில்லை என்பார். ஆகவே அருகில் இருந்தவர் கண்டு சொல்வதே முதன்மைச் சான்றாகிறது. மூவாயிரம் ஆண்டுகளாக இந்நோயைப் பற்றி எழுதியவர்கள் அனைவரும், தெரிந்தோ தெரியாமலோ, அத்தகைய சாட்சியத்தை வைத்தே எழுதியிருக்கிறார்கள்.

பழைய பதிவுகள்

பாபிலோனியரின் 'சகிக்கு' என்னும் நோயறி நூல் 40 களிமண் பலகைகளைக் கொண்டது, கி.மு. 11ஆம் நூற்றாண்டளவில் தொகுக்கப்பட்டது. அதன் ஒரு பலகை முழுவதும் விழும் நோயைப் பற்றியது. உடலின் ஒரு பக்கம் மட்டும் இழுப்பது, தூக்கத்தில் வருவது, ஒன்று முடியுமுன் மற்றொன்று தொடர்வது எனப் பிரித்துப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேயைப் பொறுப்பாக்கியதை விட்டுவிட்டால், பார்த்ததைப் பதிந்த விதத்தில் இன்றைய வெளிநோயாளர் பிரிவுக் குறிப்புகளை விட அது மட்டமில்லை.

கி.மு. 400ஐ ஒட்டி எழுந்த கிரேக்க நூலான 'புனித நோய் பற்றி' ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்குகிறது. மற்ற நோய்களைவிட இதில் தெய்வத்தன்மை கூடுதலாக ஏதுமில்லை, இது மூளையில் தோன்றுவது என்று அது வாதிடுகிறது. வலிப்பு கண்ட ஆட்டின் தலையைத் திறந்து பார்த்தால் மூளை நீர் கோத்து நாறுவதைக் காணலாம் என்று சான்றும் காட்டுகிறது. மூளையில் சளி தேங்குவதே காரணம் என்ற அதன் விளக்கம் தவறு. இடத்தைச் சரியாகச் சொன்னதே பெரிய காரியம்.

இந்திய மருத்துவத்தில் இது அபஸ்மாரம். நினைவும் அறிவும் மனமும் குலைந்து நோயாளி இருளுக்குள் புகுவதை இதன் இலக்கணமாகச் சரக சம்ஹிதை கூறுகிறது. வாதம், பித்தம், கபம், மூன்றும் கூடியது என நான்காக வகுக்கிறது. கைகால் இழுப்பதைவிட நினைவு தப்புவதை முன்னிறுத்தியது இந்த நூலின் நுட்பம். ஐரோப்பிய வகைப்பாடு இதே இடத்துக்கு வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று.

தமிழில் இந்நோய்க்கு முயலகன் என்ற பெயர் உண்டு. நடராசர் காலடியில் மிதிபட்டுக் கிடக்கும் உருவத்துக்கும் அதே பெயர்; வடமொழியில் அவன் அபஸ்மாரன். திருச்சியை அடுத்த திருவாசியில், அன்றைய திருப்பாச்சிலாச்சிராமத்தில், கொல்லிமழவனின் மகளுக்கு இருந்த முயலகன் நோயைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்ததாகப் பெரியபுராணம் கூறும். உணர்வற்றுக் கிடந்த பெண்ணைத் தந்தை கோயில் சன்னிதியில் கொண்டுவந்து கிடத்தியிருந்தான் என்பது கதை. அக்கோயில் நடராசரின் திருவடியின் கீழ் முயலகன் இல்லை, பாம்பே உள்ளது என்பதையும் இந்தக் கதையோடு சேர்த்துச் சொல்வார்கள்.

ஐரோப்பாவில் பயனுள்ள முதல் மருந்து ஒரு தவறான கருத்திலிருந்து கிடைத்தது. 1857இல் லண்டனில் நடந்த மருத்துவர் கூட்டமொன்றில் சார்லஸ் லோகாக், மாதவிடாயை ஒட்டிப் பெண்களுக்கு வரும் வலிப்புக்குப் பொட்டாசியம் புரோமைடு கொடுத்துப் பலன் கண்டதாகச் சொன்னார். பாலுணர்ச்சியே வலிப்புக்குக் காரணம், புரோமைடு அதைத் தணிக்கும் என்பது அக்கால நம்பிக்கை. காரணம் பிழை, மருந்து பலித்தது. 1912இல் ஜெர்மன் மருத்துவர் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் ஃபீனோபார்பிட்டால் என்ற மருந்தைக் கொண்டுவரும் வரை புரோமைடே ஆண்டது.

லண்டன் நரம்பியல் மருத்துவர் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் செய்தது வேறு வகை வேலை. கருவி ஏதும் இல்லாமல், வலிப்பு எங்கே தொடங்கி எப்படி நகர்கிறது என்று கவனித்தார். கட்டைவிரலில் தொடங்கும் துடிப்பு கைக்கு ஏறி முகத்துக்குப் பரவும். வாயோரத்தில் தொடங்குவது கைக்கு இறங்கும். இந்த வரிசைக்குப் பொருள் உண்டென்றால், மூளையின் மேற்பரப்பில் உடல் உறுப்புகளுக்கு ஒழுங்கான இடங்கள் இருக்க வேண்டும் என்று ஊகித்தார். ஜெர்மன் ஆய்வாளர்கள் ஃபிரிட்ஷும் ஹிட்ஸிக்கும் 1870இல் நாயின் மூளையை மின்சாரத்தால் தூண்டி அதை மெய்ப்பித்தார்கள். மூளைச் சாம்பல்நிறப் பொருளில் எப்போதாவது, திடீரென, மிகையாக, விரைவாக, ஓரிடத்தில் நிகழும் மின்பாய்ச்சல் என்று 1873இல் ஜாக்சன் தந்த விளக்கத்தில் இன்றும் பெரிதாகத் திருத்த ஒன்றுமில்லை.

அந்த மின்பாய்ச்சலைத் தாளில் காட்டியவர் யேனா நகர மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். 1924இல் மனித மூளையின் மின்னலைகளைப் பதிந்தவர், 1929 வரை வெளியிடத் துணியவில்லை. வெளியிட்ட பின்னும் சில ஆண்டுகள் நம்புவார் இல்லை. 1935இல் அமெரிக்காவில் கிப்ஸ், லெனாக்ஸ் முதலானோர், குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பில் நொடிக்கு மூன்று வீதம் கூர்முனையும் அலையுமாக வரும் கோலத்தைக் காட்டிய பிறகே இ.இ.ஜி. எனப்படும் இந்த மூளை மின்பதிவு மருத்துவமனைக்குள் நுழைந்தது.

வகைப்பாடு

முன்பு பெரிய வலிப்பு, சிறிய வலிப்பு என்று பொருள்படும் இரண்டு பிரெஞ்சுப் பெயர்கள் போதுமாயிருந்தன: கிராண்ட் மால், பெட்டி மால். 1909இல் புடாபெஸ்டில் தோன்றிய பன்னாட்டு வலிப்பு எதிர்ப்புக் கழகம், மார்செய் நகர மருத்துவர் ஆன்ரி காஸ்தோவின் முயற்சியால் 1970இல் வலிப்பு வகைகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. 1981இல் அது திருத்தப்பட்டது. 1989இல் நோய்த்தொகுதிகளுக்குத் தனிப்பட்டியல் வந்தது. 2017இல் எல்லாம் புதுப்பிக்கப்பட்டன.

1981 பட்டியலில் ஓரிடத்தில் தொடங்கும் வலிப்பை எளியது, சிக்கலானது என்று பிரித்திருந்தார்கள். நோயாளிக்கு உணர்வு தெளிவாக இருந்தால் எளியது, மங்கினால் சிக்கலானது. 2017இல் இந்தப் பெயர்கள் நீக்கப்பட்டன. தன்னைச் சுற்றி நடப்பதை நோயாளி அறிகிறாரா இல்லையா என்பதே அளவுகோல் ஆயிற்று. 2025இல் வெளியான திருத்தம் மறுபடி உணர்வுநிலை என்பதற்கே திரும்பிவிட்டது. அறிதலோடு, கேட்டால் பதில் தருகிறாரா என்பதையும் அது சேர்த்துப் பார்க்கிறது. மருந்துச்சீட்டுகளில் இன்னும் பழைய பெயர்கள் எழுதப்படுவதுண்டு. பட்டியல் மாறும் வேகத்துக்குப் பேனா மாறுவதில்லை.

அடிப்படைப் பிரிவு இதுதான்: மூளையின் ஓரிடத்தில் தொடங்குவது பகுதி வலிப்பு. இரு பக்கத்தையும் தொடக்கத்திலேயே பற்றிக்கொள்வது முழு வலிப்பு. இவ்விரண்டில் எதுவென்று தெரியாதவை மூன்றாம் பிரிவு.

அறிகுறிகள்

ஊரறிந்த வடிவம் விறைப்பும் வெட்டும் சேர்ந்த வலிப்பு. ஓர் அலறலோடு விழுவார், உடல் விறைக்கும், முகம் நீலம் பாயும், பின் கைகால் வெட்டி இழுக்கும். நாக்கின் ஓரம் கடிபடலாம், சிறுநீர் பிரியலாம். பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிடும். அதன்பின் குறட்டையோடு உறக்கம், குழப்பம், உடம்பெல்லாம் வலி.

இதைத் தவிர மற்றவை வலிப்பென்றே பலருக்குத் தெரிவதில்லை. பள்ளிப் பிள்ளை பாதிப் பேச்சில் நின்று, சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு நாளில் இது பலமுறை வரலாம். ஆசிரியர் கவனக்குறைவு என்று எழுதி அனுப்புவார். மருத்துவர் அந்தப் பிள்ளையை மூன்று நிமிடம் வேகமாக மூச்சுவிடச் சொன்னால் கண்ணெதிரிலேயே வரவழைத்துவிட முடியும். வயதுவந்த பிள்ளைகளுக்குக் காலை எழுந்ததும் கை வெட்டி, பல்துலக்கியோ காபி டம்ளரோ நழுவுவது இன்னொன்று. தேர்வுக்குக் கண்விழித்துப் படித்த மறுநாள் முதல் பெரிய வலிப்பு வந்து மருத்துவமனைக்கு வரும்போதுதான் அந்தக் காலை வெட்டுகள் கதையில் தெரியவரும், அதுவும் கேட்டால்தான்.

நெற்றிப்பொட்டுக்கு உட்புறம் இருக்கும் பொட்டுமடலில் தொடங்குவது மேலும் ஏமாற்றும். வயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி நெஞ்சுக்கு ஏறும். முன்பே பார்த்த இடம் போலத் தோன்றும். பிறகு நோயாளி உதட்டைச் சப்பிக்கொண்டு, சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருப்பார். கைக்குழந்தைகள் தலையும் கைகளும் மடங்கித் தொடர்ச்சியாகக் குனிந்து நிமிர்வதை, 1841இல் டபிள்யூ.ஜே. வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர் தன் மகனிடம் கண்டு 'லான்செட்' இதழுக்குக் கடிதமாக எழுதினார். இன்று அது அவர் பெயரால் வழங்குகிறது.

கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் சுடுநீர் வலிப்பு என்று ஒன்று உண்டு. தலையில் செம்பு செம்பாகச் சுடுநீர் ஊற்றிக் குளிக்கையில் வரும். சூட்டைக் குறைத்தாலே சிலருக்கு நின்றுபோகும்.

நோய் அறிதல்

விழுவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார், கண் திறந்திருந்ததா, தலை எந்தப் பக்கம் திரும்பியது, எவ்வளவு நேரம், தெளிந்ததும் ஆளை அடையாளம் கண்டாரா? இந்தக் கேள்விகளிலேயே பெரும்பாலும் முடிவு கிடைத்துவிடும். இப்போது வீட்டார் கைபேசியில் எடுத்து வரும் காணொளி, அவர்கள் பதற்றத்தில் தவறவிட்டதையெல்லாம் காட்டிவிடுகிறது.

அடிக்கடி வலிப்பென்று தவறாக எண்ணப்படுவது மயக்கம். வெயிலில் வரிசையில் நின்றவர், ஊசி போட்டுக்கொண்டவர், கண் இருட்டி, வியர்த்து, வெளிறிச் சரிவார். கைகால் சில முறை வெட்டவும் கூடும். ஆனால் படுத்ததும் சட்டெனத் தெளிவார். நேரம் கடந்து நீண்டு, ஏறி இறங்கி, கண்களை இறுக மூடியபடி வருவது பெரும்பாலும் மன அழுத்தம் சார்ந்த வலிப்பு. அது நடிப்பு அன்று. ஆனால் வலிப்பு மாத்திரையால் அது தீராது.

மின்பதிவையும் படத்தையும் பலர் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதல் இ.இ.ஜி.யில் ஒன்றும் தெரியாமல் போகலாம். தூக்கமிழந்த நிலையிலோ தூக்கத்திலோ எடுத்தால் வாய்ப்பு கூடும். நோயே இல்லாத சிலருக்கு அலையில் மாற்றம் இருக்கவும் செய்யும். எம்.ஆர்.ஐ. காரணத்தைத் தேடுவதற்கு: பழைய பக்கவாதத் தழும்பு, கட்டி, சுருங்கிய பொட்டுமடல் உட்பகுதி போன்றவை. 2014இல் பன்னாட்டுக் கழகம் தந்த வரையறைப்படி, காரணமற்ற இரு வலிப்புகள் 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் வந்திருக்க வேண்டும். அல்லது ஒன்றே வந்திருந்து, அடுத்த பத்தாண்டில் மீண்டும் வரும் வாய்ப்பு 60 விழுக்காடாவது இருக்க வேண்டும். வலிப்பு நோய்த்தொகுதி ஒன்று உறுதியானாலும் போதும்.

சி.டி. ஸ்கேன் இந்தியாவுக்கு வந்த புதிதில், வலிப்பு வந்த இளைஞர் பலரின் மூளையில் சிறிய வளையம் போன்ற ஒற்றைப் புள்ளி தெரிந்தது. காசநோய்க் கட்டி என்று கொண்டு, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். புள்ளி மறைந்தது, மருந்து வேலை செய்தது என்று முடிவு கட்டினார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலானோர் அவற்றை அறுத்தெடுத்துச் சோதித்து, பெரும்பாலானவை பன்றி நாடாப்புழுவின் நீர்க்கட்டிகளே என்று 1989இல் எழுதினர். அவை தாமாகவே கரைபவை. புழுவின் முட்டை, அசுத்த நீரிலும் கழுவாத காய்களிலும் கைகளிலும் வருவதால், பன்றி இறைச்சி தொடாதவரும் தப்புவதில்லை. 

சிகிச்சை

தக்க மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழலாம். மருந்துக்கு அடங்காத சிலருக்கு அறுவை சிகிச்சை உண்டு. கருத்தரிக்கக்கூடிய பெண்களுக்கு வால்புரோயேட் என்ற மருந்து கூடியவரை தவிர்க்கப்படுகிறது. முதலுதவியாக, வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பலனில்லை. வாயில் கரண்டி வைப்பது பல்லை உடைக்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108ஐ அழைக்க வேண்டும். சட்டத்தின் பார்வையும் மாறியிருக்கிறது: இந்து திருமணச் சட்டத்தில், திருமணத்துக்குத் தடையான நிலைகளுள் ஒன்றாக 1976 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட வலிப்பு நோய், 1999இல் நீக்கப்பட்டது.