சட்டமன்றத்துக்குச் சரி, ஊராட்சிக்கு மட்டும் ஏன் முடியாது?

சிவகிரியில் வாக்காளராக இருப்பவர் இரண்டு தனித்தொகுதிகளின் வாக்காளர். சட்டமன்றத்துக்கு வாசுதேவநல்லூர், நாடாளுமன்றத்துக்குத் தென்காசி. இரண்டுமே பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. பக்கத்துச் சங்கரன்கோவிலும் அப்படித்தான். பல பத்தாண்டுகளாக இங்கே எல்லாச் சாதியினரும் வரிசையில் நின்று தலித் வேட்பாளர்களுக்கு வாக்களித்து வருகிறார்கள். ஊர் ஒன்றும் பற்றி எரிந்துவிடவில்லை. அப்படியிருக்க, ஊராட்சித் தலைவர் பதவி நமக்கென்று வரும்போது மட்டும் அரிவாள் ஏன் வெளியே வருகிறது? எங்களோடு களப்பணிக்கு வரும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 1882இல் ரிப்பன் பிரபு உள்ளாட்சித் தீர்மானம் கொண்டுவந்தார். அவருக்கு 'உள்ளாட்சியின் தந்தை' என்று பட்டம். ஆனால் சொத்தும் வரியும் உள்ளவருக்கே அந்த நாளில் வாக்கு. சேரிக்கு அதில் இடமில்லை. பிற்காலத்தில் சென்னை மாகாணத்தில் நம்மவர்கள் நகராட்சிக்குள்ளும் தாலுகா போர்டுக்குள்ளும் நுழைந்தது பெரும்பாலும் நியமனத்தின் மூலம்தான். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் எல்லாம் எல்லோருக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. அலுவலகத்துக்குப் போகும் தெருவில் நடக்கவே தடை இருக்கும்போது அதன் நாற்காலியைப் பற்றி யார் பேசுவது?

1932இல் பம்பாய் சட்டமன்றத்துக்குக் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தபோது, ஒடுக்கப்பட்டோருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் இல்லாத பஞ்சாயத்தை ஏற்க முடியாது என்று அண்ணல் அம்பேத்கர் வாதாடினார். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலும் கிராமத்தைப் புனிதமாக்கியவர்களை அவர் விட்டுவைக்கவில்லை. அவர் கேட்டது ஊராட்சிக்குக் கிடைக்க 1993 வரை ஆனது. 73ஆவது திருத்தம் மக்கள்தொகை விகிதப்படி தலைவர் பதவியிலும் ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் அதன்படி முதல் தேர்தல் 1996இல் நடந்தது.

மேலவளவு இளைஞர்களுக்குத் தெரிந்த பெயர்தான். தேர்தலில் நின்று வென்ற முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் வேறு உத்தி. வேட்புமனு போட விடமாட்டார்கள். மனு வந்தாலும் வென்றவரைப் பதவி விலக வைப்பார்கள். இப்படிப் பத்தாண்டு ஓடியது. 2006 அக்டோபரில்தான் அங்கே தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள்.

இதையெல்லாம் மதுரைப் பக்கத்துக் கதையாகப் பேசி நம் மாவட்டத்துக்காரர்கள் தப்பித்துக்கொள்வதுண்டு. அதே 2006 நவம்பரில், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து நக்கலமுத்தன்பட்டி ஊராட்சித் தலைவர் ஜக்கையன் கொல்லப்பட்டார். பதவியேற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2011 ஜூனில் தாழையூத்து ஊராட்சித் தலைவர் கிருஷ்ணவேணியை வழிமறித்து வெட்டினார்கள். காதை இழந்து உயிர் பிழைத்தார். பெண்களுக்குப் பொதுக் கழிப்பறை கட்ட முனைந்ததும் அவர் மீதான பகைக்கு ஒரு காரணம். கழிப்பறைக்காகவா வெட்டுவார்கள் என்று கேட்காதீர்கள். கழிப்பறை ஓர் இடத்தில்தான் கட்டப்படும். அந்த இடம் யார் பிடியில் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

மாணவர்களின் கேள்விக்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது. எம்.எல்.ஏ. சென்னையில் கை தூக்குகிறார். அவரை நிறுத்துவதும் மாற்றுவதும் கட்சித் தலைமை. தொகுதியின் எந்த ஊரிலும் நிலமோ குளமோ அவர் கையில் இல்லை. ஊராட்சித் தலைவர் விஷயம் வேறு. குடிநீர் இணைப்பு, வீட்டு வரி, தெருவிளக்கு, நூறு நாள் வேலை, கிராம சபை என்று அன்றாடம் ஊர் அவரிடம் வந்து நிற்க வேண்டும். நேற்றுவரை களத்துமேட்டில் கூலிக்குக் கை நீட்டியவரிடம் இன்று கையெழுத்துக்கு நிற்பதா என்பதுதான் எரிச்சல்.

அந்தக் கையெழுத்திலும் ஒரு சிக்கல். காசோலையில் தலைவர், துணைத் தலைவர் இருவரும் கையெழுத்திட வேண்டும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவி தலித்துக்குப் போனால் துணைத் தலைவர் பதவியை ஆதிக்கச் சாதி பிடித்துக்கொள்ளும். பிறகு அரிவாளே தேவையில்லை, பேனாவை மூடி வைத்தால் போதும். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலைவரைத் தரையில் உட்காரவைத்த படத்தை நாடே பார்த்தது. படத்தில் சிக்காத நிறுத்தப்பட்ட காசோலைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. அந்த டிசம்பர் தேர்தலில் புதிய மாவட்டங்கள் விடுபட்டதால் 2021 அக்டோபரில்தான் இங்கே ஊராட்சித் தேர்தல் நடந்தது. 2016 முதல் அதுவரை ஊராட்சியை நடத்தியவர்கள் தனி அலுவலர்கள். பேரூராட்சியான சிவகிரி 2022 பிப்ரவரி 19 அன்று வாக்களித்தது. பேரூராட்சித் தலைவரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு நாள் காலையில், மூடிய அறைக்குள் முடிந்துவிடுகிற காரியம். நேரடித் தேர்தலில் தெருத்தெருவாக நடக்கும் மிரட்டல் இதில் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

இங்குள்ள ஊராட்சிகளின் பதவிக்காலம் 2026 அக்டோபரோடு முடிகிறது. சிவகிரியைச் சுற்றியுள்ள ஊராட்சி அலுவலகங்களுக்கு நாங்கள் போகும்போது பார்ப்பது இரண்டு விஷயம்: தலைவர் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார், காசோலைப் புத்தகம் யார் வீட்டில் இருக்கிறது. நீங்கள் போகும்போதும் அந்த இரண்டாவது கேள்வியை மறக்காமல் கேளுங்கள்.