நிகோசியா: பச்சைக் கோட்டின் கீழே ஓடும் பொது மரபு

குப்ருஸ் என்று அரபு வரலாற்றாசிரியர்கள் குறிக்கும் சைப்ரஸ் தீவு முஸ்லிம்களின் நினைவில் இடம்பெறுவது ஒரு பெண்மணியின் வழியாகத்தான். மூன்றாம் கலீஃபா உஸ்மான் (ரலி) காலத்தில், ஷாம் நாட்டின் ஆளுநராக இருந்த முஆவியா (ரலி) தலைமையில் கி.பி. 649இல் சென்ற கடற்படையெடுப்பில் கலந்துகொண்ட உம்மு ஹராம் (ரலி), வாகன விலங்கிலிருந்து விழுந்து அத்தீவிலேயே காலமானார்கள். லார்னகா உப்பு ஏரிக் கரையில் அவர்களுடையதெனப் போற்றப்படும் அடக்கத்தலம், கிரேக்க சைப்ரியர் வாழும் தெற்கில் இருக்கிறது. கிரேக்கக் கிறிஸ்தவர்கள் புனிதமாகக் கருதும் அப்போஸ்தலர் அந்திரேயா மடாலயமோ, துருக்கிய சைப்ரியர் வாழும் வடக்கின் கிழக்கு முனையில் நிற்கிறது. ஒருவரின் புனிதத்தலம் மற்றவரின் காவலில் இருக்கும் இந்நிலையின் முழு வடிவத்தையும் தலைநகர் நிகோசியாவில் காணலாம்.

நிகோசியாவின் பழைய நகரை வட்ட வடிவமான மதில் ஒன்று சூழ்ந்திருக்கிறது. உஸ்மானியரின் வருகையை எதிர்பார்த்து வெனிசியர் 1567இல் கட்டத் தொடங்கிய அம்மதிலுக்குப் பதினொரு கொத்தளங்கள், மூன்று வாயில்கள். நகரின் ஊடே ஓடிய பேடியாஸ் ஆற்றையும் அவர்கள் மதிலுக்கு வெளியே திருப்பிவிட்டனர். மதில் முற்றுப்பெறுமுன்பே, 1570 செப்டம்பரில், நகரம் உஸ்மானியர் வசமாயிற்று. ஆறு விலகிய பழைய படுகை காலப்போக்கில் கடைத்தெருவாக மாறியது. எர்மு என்னும் அத்தெருவில் கிரேக்கரும் துருக்கியரும் அர்மீனியரும் அடுத்தடுத்த கடைகளில் வணிகம் செய்தனர். அவர்களை ஒன்றுகூட்டிய அந்தத் தெருவின் மீதே பிற்காலத்தில் பிரிவினைக் கோடு விழுந்தது.

1960இல் விடுதலை பெற்ற தீவில் மூன்றே ஆண்டுகளில் இரு சமூகங்களுக்கும் இடையே இரத்தக்களரி மூண்டது. 1963 டிசம்பர் 30 அன்று பிரித்தானியத் தளபதி பீட்டர் யங், நகர வரைபடத்தில் பச்சை நிறப் பென்சிலால் ஒரு கோட்டை இழுத்தார். பச்சைக் கோடு என்னும் பெயர் அதனால் வந்தது. 1964 மார்ச்சில் ஐ.நா. அமைதிப்படை வந்தது. 1974 ஜூலையில் ஏதென்ஸ் இராணுவ ஆட்சியின் தூண்டுதலால் நிகழ்ந்த ஆட்சிக்கவிழ்ப்பும், அதனையடுத்து வந்த துருக்கியப் படையெடுப்பும் அந்தக் கோட்டைத் தீவு முழுதும் சுமார் 180 கிலோமீட்டருக்கு நீட்டின. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்க சைப்ரியரும் பல்லாயிரக்கணக்கான துருக்கிய சைப்ரியரும் வீடிழந்து இடம்பெயர்ந்தனர். இரு சமூகங்களிலுமாகக் காணாமற்போனோர் பட்டியலில் 2002 பெயர்கள் உள்ளன. சில இடங்களில் பல கிலோமீட்டர் அகன்று கிடக்கும் இந்தச் சூனியப் பிரதேசம், பழைய நகருக்குள் சில மீட்டர் அகலமேயுள்ள சந்தாகச் சுருங்குகிறது. எர்மு தெருவின் கடைகள் அதற்குள் சிக்கிக்கொண்டன.

நகரை இரண்டாகப் பிரித்தவர்களால் அதன் கழிவுநீரைப் பிரிக்க இயலவில்லை. போருக்கு முன் திட்டமிடப்பட்ட பாதாளச் சாக்கடையின் குழாய்களில் பெரும்பகுதி தெற்கில் இருந்தது. சுத்திகரிப்பு நிலையத்திற்கான இடமோ வடக்கில். 1978இல் தெற்கின் மேயர் லெலோஸ் டெமட்ரியாடிஸும் வடக்கின் மேயர் முஸ்தஃபா அக்கஞ்சியும் சந்தித்து, அப்பணியைக் கூட்டாக முடிக்க உடன்பட்டனர். ஒருவர் மற்றவரின் ஆட்சியை ஏற்றுக்கொள்ளாத நிலையில், அரசியலை ஒதுக்கிவைத்துவிட்டு நகரத்தின் தேவையை மட்டுமே அவர்கள் பேசினர். அந்த நம்பிக்கையிலிருந்தே 1979இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையுடன் நிகோசியா பெருந்திட்டம் பிறந்தது.

இத்திட்டத்தை வகுத்தவர்கள் கோடு நிலைத்திருந்தால் நகரம் எவ்வாறு வளர வேண்டும், கோடு நீங்கினால் எவ்வாறு இணைய வேண்டும் என்று இரண்டையும் ஒருசேர வரைந்தனர். நகரைப் பிளந்த அந்தப் பகுதியே இரு பாதிகளையும் ஒட்டவைக்கும் பசையாகும் என்பது அவர்கள் கணிப்பு. கோட்டின் ஓரத்தில் பாழடைந்துகொண்டிருந்த தெற்கின் கிறிஸாலினியோதிஸா குடியிருப்பும் வடக்கின் அரப் அஹ்மத் குடியிருப்பும் இணையாகச் சீரமைக்கப்பட்டன. தெற்கில் உஸ்மானியர் கால ஓமரியே ஹம்மாம் மீண்டும் குளியலகமாயிற்று. வடக்கில், தேவாலயமாகத் தோன்றி உஸ்மானியர் காலத்தில் சந்தையாக விளங்கிய பெதெஸ்தான் கட்டடமும், அர்மீனியத் தேவாலயமும் புத்துயிர் பெற்றன. 2007இல் ஆகா கான் கட்டடக்கலை விருது இம்மதில் நகரின் சீரமைப்புப் பணிக்கு வழங்கப்பட்டது.

இங்கே வக்ஃபு என்னும் நம் மரபு நினைவுக்கு வருவது இயல்பே. வக்ஃபுச் சொத்தை விற்கவோ வாரிசுரிமையாகப் பிரித்துக்கொள்ளவோ இயலாது. அதைப் பேணுவதும் அதன் பயனை உரியவர்க்குச் சேர்ப்பதுமே முதவல்லியின் கடமை. சைப்ரஸின் வக்ஃபு நிறுவனம் உஸ்மானிய வெற்றியோடு தோன்றி இன்றளவும் இயங்கிவருகிறது. 2008இல் அமைந்த பண்பாட்டு மரபுக்கான இருசமூகக் குழு அப்போஸ்தலர் அந்திரேயா மடாலயத்தைப் புதுப்பிக்க முனைந்தபோது, செலவை ஏற்க சைப்ரஸ் திருச்சபையுடன் அந்த வக்ஃபு நிறுவனமும் முன்வந்தது. கிறிஸ்தவ மடாலயத்தின் சுவரை வக்ஃபுப் பணம் தாங்கியது என்பதைக் காட்டிலும் பொது மரபு என்னும் சொல்லுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

ஆயினும் மனநிறைவு கொள்ளக் காலம் வரவில்லை. 2003 ஏப்ரலில் கடவுப்பாதைகள் திறந்தன; 2008 ஏப்ரலில் லெட்ரா தெருவும் திறந்தது. 2011இல் சூனியப் பிரதேசத்துக்குள்ளேயே இரு சமூகத்தாரும் கூடிப் பணியாற்றும் ஒத்துழைப்பு இல்லம் உருவாயிற்று. ஆனால் எர்மு தெருவின் பெரும்பகுதி இன்றும் பூட்டியே கிடக்கிறது. மேயராயிருந்த அக்கஞ்சி துருக்கிய சைப்ரியரின் தலைவராக அமர்ந்து நடத்திய பேச்சுவார்த்தையும் 2017இல் முறிந்தது. தவிர, அக்கடைகள் கேட்பாரற்ற இடிபாடுகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு, வாரிசு உண்டு. பொது மரபு என்று பெயரிட்டு அவர்களின் உரிமையை அழித்தால், அது அநீதியின் மீது பூசிய சுண்ணாம்பாகவே முடியும். உரியவர்க்கு நீதி கிடைக்கும்வரை கூரைகள் விழாமல் தாங்குவதும் இழப்புகளை இருதரப்பும் ஒளிவின்றிப் பதிவுசெய்வதுமே இப்போதைய அமானிதம்.

தலைவர்கள் கூடிக் கலைந்த மாநாடுகள் பல. இரு மேயர்கள் அன்று ஒப்புக்கொண்ட குழாய்களோ கோட்டின் கீழே இன்றும் இரு பாதிகளையும் இணைத்து ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு நகரம் பொதுச் சொத்தாவது உரிமைப் பிரகடனத்தால் அன்று. அதைப் பழுதுபார்க்கும் பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்வதால்தான் என்பதை அவை சொல்லாமல் சொல்கின்றன.