திரித்துவத்தை மறுத்த ஒரு தமிழ்க் கிறிஸ்தவர்



திரித்துவம் பற்றிய வாக்குவாத வீடியோக்களை நம் இளைஞர்கள் இரவிரவாகப் பகிர்கிறார்கள். இதே விவாதத்தைக் கிறிஸ்தவர்கள் தங்களுக்குள்ளேயே நடத்திய வரலாறு பலருக்குத் தெரியாது. 325இல் நிக்கேயாவில் ஆயர்கள் கூடியதற்கு முக்கிய காரணம் இதுதான். குமாரன் படைக்கப்பட்டவர் என்றார் அலெக்சாந்திரியாவின் ஆரியஸ். தந்தையும் குமாரனும் ஒரே சாரம் என்று சபை தீர்மானித்தது.

அந்தக் கேள்வியை ஒரு தமிழரும் எழுப்பினார். அவர் பெயர் திருவேங்கடம். ஆங்கிலேயரிடம் வேலைக்காரராக இருந்து, ஞானஸ்நானம் பெற்று, வில்லியம் ரொபேட்ஸ் ஆனவர். இங்கிலாந்து போனபோது லின்ட்சி, பிரீஸ்ட்லி ஆகியோரின் நூல்கள் அவர் கைக்குக் கிடைத்தன. ஒட்சிசன் பாடத்தில் வரும் அதே ஜோசப் பிரீஸ்ட்லிதான். இறைவன் ஒருவனே, இயேசு அவனால் அனுப்பப்பட்ட மனிதர் என்பது அவர்களின் நிலைப்பாடு. மதக் கருத்துக்காகவும் அரசியல் கருத்துக்காகவும் 1791இல் பர்மிங்ஹாமில் கும்பலொன்று பிரீஸ்ட்லியின் வீட்டை எரித்தது. மூன்று வருடத்தில் அவர் நாட்டை விட்டே போனார்.

மதராசுக்குத் திரும்பிய ரொபேட்ஸ், 1795இல் ஒரு சிறு சபையைத் தொடங்கினார். 1813இல் புரசைவாக்கத்தில் அதற்கு ஆலயம் எழுந்தது. திரித்துவத்தை மறுப்பது குற்றமல்ல என்று இங்கிலாந்தில் சட்டம் மாறியதும் அதே வருடம்தான். வழிபாடு தமிழில் நடந்தது. லண்டன் போதகர் தோமஸ் பெல்ஷாமுக்கு அவர் எழுதிய கடிதம் 1818இல் அங்கே அச்சானது.

கல்கத்தாவில் ராம்மோகன் ராய் 1820இல் இயேசுவின் போதனைகளை மட்டும் தொகுத்து வெளியிட்டார். அற்புதங்களையும் கோட்பாடுகளையும் விட்டுவிட்டார் என்று செரம்பூர் மிஷனரி மார்ஷ்மன் எதிர்த்தார். ராய் மூன்று நூல்களில் பதில் எழுதினார். கடைசி நூலை அச்சிட பப்டிஸ்ட் அச்சகம் மறுத்ததும், சொந்தமாக அச்சகம் வைத்தார். இதற்கிடையே வில்லியம் அடம் என்ற பப்டிஸ்ட் மிஷனரியே 1821இல் திரித்துவத்தைக் கைவிட்டார்.

இதை வாசித்ததும் "பாருங்கள், அவர்களே ஒப்புக்கொண்டார்கள்" என்று பகிர வேண்டாம். ரொபேட்ஸ் 1838இல் இறக்கும்வரை தன்னைக் கிறிஸ்தவர் என்றே சொன்னார். அவரை நம் சாட்சியாக இழுப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். திரித்துவத்தை ஏற்றவர்களும் யோசிக்காமல் ஏற்றவர்களல்லர். பதினேழு நூற்றாண்டாக வாசித்தும் எழுதியும் வாதிட்டும் வந்தவர்கள்.

நம் தவ்ஹீதில் நமக்குத் தளம்பல் இல்லை. ஆனால் வேதக்காரருடன் அழகிய முறையில் பேசும்படிதான் நாம் ஏவப்பட்டிருக்கிறோம். முள்ளியவளையில் நம் பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும் ஒரே மண்ணில் வளர்கிறார்கள். 1990இல் விரட்டப்பட்ட சமூகம் நாம். வேறாக இருப்பதற்காக ஒருவன் வீடிழப்பது என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாதிட விருப்பமா? ராயைப் போல முதலில் அவர்களின் வேதத்தை ஊன்றிப் படியுங்கள். பிறகு பேசுங்கள்.