இறப்பருக்கு அரிசி: 1952 இல் நமது நாடு எடுத்த ஒரு துணிச்சலான முடிவு



செங்கடலில் ஒரு கப்பல் தாக்கப்பட்டால் நமதூர்க் கடையில் ஒரு பொருளின் விலை ஏன் ஏறுகிறது? எங்கோ இரண்டு நாடுகள் மோதிக்கொண்டால் நமது தேயிலைக் கொழுந்துக்கு ஏன் விலை விழுகிறது? வளைகுடாவில் இருந்து மாதாமாதம் பணம் வரும் வீடுகளில் இந்தக் கேள்வி இன்னும் பயத்தோடு கேட்கப்படுகிறது. பொருளியல் நூல்கள் இதற்குப் "புவிசார் அரசியல் இடர்" என்று பெயர் வைத்திருக்கின்றன. பெயர் புதிது, விடயம் பழையது. கடல் வணிகத்தோடு பல நூற்றாண்டுகள் வாழ்ந்த சமூகம் நாம். இதை யாரும் நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் நமது பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த நமது நாட்டின் வரலாற்றிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அதுதான் 1952 ஆம் ஆண்டின் இலங்கை - சீன இறப்பர் அரிசி ஒப்பந்தம்.

பரீட்சைக்கு இரண்டு வரியில் மனனம் செய்துவிட்டுப் பலர் கடந்து போகும் பாடம் இது. அந்த இரண்டு வரிக்குப் பின்னால் இருப்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

*ஒரு நாடு, மூன்று பயிர், ஒரு சோற்றுப்பானை*

சுதந்திரம் கிடைத்த 1948 இல் நமது நாட்டின் ஏற்றுமதி என்றால் தேயிலை, இறப்பர், தெங்கு. இந்த மூன்றும்தான். இவற்றை விற்ற காசில் அரிசி, மா, சீனி, துணி, எண்ணெய் எல்லாவற்றையும் வெளியிலிருந்து வாங்கினோம். மக்கள் சாப்பிட்ட அரிசியில் பாதிக்கு மேல் இறக்குமதி. கூப்பன் அரிசி அன்றைய குடும்பங்களின் உயிர்நாடி. அதை மானிய விலையில் கொடுக்க வேண்டிய கடமை அரசாங்கத்துக்கு.

இந்த அமைப்பில் இரண்டு பக்கமும் நமது கையில் இல்லை என்பதைக் கவனியுங்கள். இறப்பரின் விலையைத் தீர்மானித்தது சிங்கப்பூர், லண்டன், நியூயோர்க் சந்தைகள். அரிசியின் விலையைத் தீர்மானித்தது பர்மாவும் தாய்லாந்தும். நாம் விற்பதற்கும் நாம் விலை சொல்ல முடியாது, வாங்குவதற்கும் நாம் விலை சொல்ல முடியாது.

*கொரியாவில் போர், களுத்துறையில் கொண்டாட்டம்*

1950 ஜூன் 25 ஆம் திகதி கொரியப் போர் தொடங்கியது. இராணுவ வாகனங்களுக்கு டயர் வேண்டும். டயருக்கு இறப்பர் வேண்டும். போர் நீளுமோ என்று பயந்த நாடுகள் இறப்பரை வாங்கிக் குவித்தன. விலை மளமளவென்று ஏறியது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கங்களில் ஓரிரண்டு ஏக்கர் இறப்பர் வைத்திருந்த சிறு உரிமையாளர் முதல் பெரிய தோட்டங்கள் வரை நல்ல காசு பார்த்தார்கள். ஏற்றுமதித் தீர்வையால் அரசாங்கத்தின் பெட்டியும் நிறைந்தது.

போர் கொண்டுவந்த விலை நிலைக்குமா? நிலைக்கவில்லை. அமெரிக்கா தனது இறப்பர் கொள்வனவை ஒரே அரச நிறுவனத்தின் கையில் எடுத்துக்கொண்டது. மிகப் பெரிய வாங்குநர் ஒருவராகச் சுருங்கியதும் பேரம் பேசும் பலம் முழுவதும் அந்தப் பக்கம் போய்விட்டது. 1951 இல் விலை இறங்கத் தொடங்கி, 1952 இல் படுத்துவிட்டது.

அதே காலத்தில் அரிசி எதிர்த் திசையில் ஓடியது. உலகப் போரின் அழிவிலிருந்து பர்மா முழுமையாக மீளவில்லை, அங்கே உள்நாட்டுக் கலவரம் வேறு. இந்தோசீனாவில் போர். ஆசியாவின் பெரிய அரிசிக் களஞ்சியங்கள் பல ஒரே நேரத்தில் சுருங்கின. அரிசி விலை கடுமையாக ஏறியது, ஏறிய விலைக்கும் போதிய அரிசி கிடைக்கவில்லை.

விற்பது மலிந்து, வாங்குவது உயர்ந்தது. வெளிநாட்டுச் சொத்துக் கையிருப்புக் கரைந்தது. 2022 இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற நமக்கு இந்த நிலைமையை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

*வாங்குவதற்கு ஒருவர் இருந்தார், ஆனால்...*

அந்நேரம் இறப்பருக்காக அலைந்துகொண்டிருந்த ஒரு நாடு சீனா. 1949 இல் அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி வந்திருந்தது. கொரியாவில் சீனப் படைகள் அமெரிக்கா தலைமையிலான படைகளோடு நேருக்கு நேர் மோதிக்கொண்டிருந்தன. 1951 மே 18 ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, சீனாவுக்குப் போர்த் தேவைக்கான பொருட்களை அனுப்பக்கூடாது என்று தீர்மானம் எடுத்தது. பிரித்தானிய ஆட்சியில் இருந்த மலாயாவின் இறப்பருக்கும் சீனாவின் கதவு மூடப்பட்டது.

இதற்கு மேல் அமெரிக்கா தனியாக ஒரு சட்டமும் கொண்டுவந்தது. 1951 இல் நிறைவேறிய அந்தச் சட்டத்தை "பாட்டில் சட்டம்" என்பார்கள். பாட்டில் என்பது அதைக் கொண்டுவந்த காங்கிரஸ் உறுப்பினரின் பெயர். கம்யூனிஸ்ட் முகாமுக்குப் போர் முக்கியத்துவமுள்ள பொருட்களை விற்கும் நாட்டுக்கு அமெரிக்க உதவி கிடையாது என்பதே அதன் சாரம். இன்று "பொருளாதாரத் தடை" என்று செய்தியில் கேட்கிறோமே, அதன் முன்னோடிகளில் ஒன்று இது.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விடயம் உண்டு. அந்தத் தீர்மானம் வந்தபோது இலங்கை ஐ.நா. உறுப்பு நாடே அல்ல. சோவியத் யூனியனின் எதிர்ப்பால் நமது விண்ணப்பம் தடைப்பட்டுக் கிடந்தது. 1955 டிசம்பரில்தான் நமக்கு இடம் கிடைத்தது. உறுப்புரிமை இல்லாதது அந்நாளில் ஒரு குறை. அதே குறை 1951 இல் நமக்கு ஒரு வழியைத் திறந்து வைத்தது.

1951 இலேயே இலங்கை இறப்பர் சீனாவுக்குப் போகத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவுக்குப் பிடிக்கவில்லை. இறப்பர் மரத்தின் இலை நோய்க்குத் தூவும் கந்தகத்தை நமக்கு விற்பதை நிறுத்தினார்கள். ஒரு வல்லரசின் கோபம் தோட்டத்து மரத்தின் இலை வரை எப்படி வருகிறது பாருங்கள்.

*பீக்கிங் பயணம்*

1952 மார்ச்சில் டீ.எஸ். சேனாநாயக்க காலமானார். மகன் டட்லி சேனாநாயக்க பிரதமரானார். அவரது அரசாங்கம் இடதுசாரிகளை உள்நாட்டில் கடுமையாக எதிர்த்த ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம். சீனாவை 1950 ஜனவரியிலேயே அங்கீகரித்திருந்தாலும் இரண்டு நாடுகளுக்கும் இடையே தூதரகம் இல்லை. அது 1957 இல்தான் வந்தது.

இறப்பருக்கு நல்ல விலையும் கட்டுப்படியாகும் விலையில் அரிசியும் கிடைக்குமா என்று முதலில் அமெரிக்காவிடம் கேட்டுப் பார்த்தார்கள். திருப்தியான பதில் வரவில்லை. வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனாநாயக்க, டட்லியின் உறவினர், தூதுக்குழுவோடு பீக்கிங் புறப்பட்டார். 1952 ஒக்டோபர் 4 ஆம் திகதி முதல் உடன்பாடு: 80,000 தொன் அரிசி. டிசம்பர் 18 ஆம் திகதி ஐந்தாண்டு ஒப்பந்தம்: சீனா ஆண்டுக்கு 270,000 தொன் அரிசி தரும், இலங்கை ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுக்கும். நமது மொத்த உற்பத்தி அப்போது ஏறக்குறைய ஒரு இலட்சம் தொன். ஆக, கிட்டத்தட்டப் பாதி இறப்பருக்கு ஒரே கையெழுத்தில் சந்தை கிடைத்தது.

விலையும் கவனிக்கத்தக்கது. இறப்பருக்கு உலகச் சந்தையை விடக் கணிசமாகக் கூடிய விலை. அரிசிக்கு அந்நாளைய சந்தையை விடக் குறைந்த விலை. சீனா நம்மீது கொண்ட பாசத்தால் இப்படிக் கொடுக்கவில்லை. வேறு யாரும் விற்கத் தயாரில்லாத பொருளை விற்க நாம் தயாராக இருந்தோம். நாம் ஏற்ற ஆபத்துக்கான கூலி அது.

*இலாபமும் நட்டமும்*

ஒப்பந்தத்தால் நாடு வாழ்ந்தது என்று மட்டும் சொல்லி முடித்தால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

முதலாவது, அமெரிக்க உதவி நமக்கு மூடப்பட்டது. அந்தக் கதவு மீண்டும் திறந்தது 1956 இல்தான்.

இரண்டாவது, நல்ல ஒப்பந்தம் ஒன்றால் உள்நாட்டு நிதியைச் சரிசெய்ய முடியவில்லை. இறப்பர் கொழுத்த காலத்தின் வருமானம் வற்றிவிட்டது, அரிசி மானியச் செலவோ அப்படியே நின்றது. 1953 ஜூலையில் கூப்பன் அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றினார்கள். ஆகஸ்ட் 12 ஆம் திகதி நாடு முழுவதும் ஹர்த்தால். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார். கொரியாவில் தொடங்கிய போர், மூன்று வருடங்களில் கொழும்பில் ஒரு பிரதமரின் கதிரையை ஆட்டிவிட்டது.

மூன்றாவது, கூடிய விலை என்றென்றைக்குமானதல்ல. 1956 இல் மலாயாவின் இறப்பருக்குச் சீனாவின் கதவு மீண்டும் திறந்தது. நமது தனிச்சிறப்பு போனது. 1957 இல் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது இறப்பர் விலை சந்தை விலையை ஒட்டி வந்துவிட்டது, பழைய மேலதிக விலைக்குப் பதிலாக இறப்பர் மீள்நடுகைக்குச் சீனா உதவி தந்தது. தடையால் வரும் இலாபம் தடை தளரும் நாளில் போய்விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ஆனாலும் ஒப்பந்தம் மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு 1982 வரை முப்பது வருடங்கள் நீடித்தது. கொழும்பில் நாம் காணும் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபமும் அந்த உறவின் வழியே வந்த அன்பளிப்புத்தான்.

*இன்றைய நமக்கு*

இந்தக் கதை 1982 இல் முடிந்துவிடவில்லை. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது அங்கே வேலை செய்த நமது ஆட்கள் பல்லாயிரம் பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள். அவர்களில் பலருடைய வீடுகள் அரைச் சுவரில் நின்றன. 2018 இல் ஈரான் மீது அமெரிக்கத் தடைகள் திரும்ப வந்தன. தேயிலைக்குத் தடையில்லை. ஆனால் பணத்தை அனுப்ப வங்கி முன்வராவிட்டால் தடை இல்லாதிருந்தும் என்ன பயன்? 2021 டிசம்பரில், முன்பு வாங்கிய எண்ணெய்க்கான 251 மில்லியன் டொலர் கடனைத் தேயிலையாகத் தீர்ப்பதென்று ஈரானோடு உடன்பட்டோம். 1952 இன் பண்டமாற்று எழுபது வருடம் கழித்து வேறு உருவில் திரும்பி வந்தது. 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பல கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிப் போயின. நாட்கள் கூடின, கப்பல் கூலி கூடியது, காப்புறுதி கூடியது.

இவற்றிலிருந்து நமது வியாபாரிகளும், வணிகப் பிரிவில் படிக்கும் நமது பிள்ளைகளும் எடுத்துக்கொள்ளக்கூடிய சில கேள்விகள் உள்ளன. இறக்குமதி செய்தாலும் ஏற்றுமதி செய்தாலும் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் கேட்டுக்கொள்ள வேண்டியவை:

▪️ எனது சரக்கை வாங்குபவர் ஒருவர்தானா? அவர் நாளை நின்றுவிட்டால் அடுத்தவர் யார்?

▪️ பணம் எந்த நாட்டு வங்கி வழியாக, எந்த நாணயத்தில் வருகிறது? அந்த வழியை மூடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

▪️ சரக்கு எந்தக் கடல் வழியால் போகிறது? அது மூடப்பட்டால் எத்தனை நாள் தாமதம், யார் அந்தச் செலவை ஏற்பது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா?

▪️ இன்று கிடைக்கும் கொழுத்த இலாபம் எனது திறமையால் வந்ததா, எங்கோ நடக்கும் சண்டையால் வந்ததா? சண்டையால் வந்ததென்றால், அது முடியும் நாளைக்கு நான் என்ன சேர்த்து வைத்திருக்கிறேன்?

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. 1950 இன் இறப்பர்க் காசு வந்த வழியே போனது. யூசுப் (அலை) அவர்களின் வரலாறு நமக்கெல்லாம் தெரியும். செழிப்பான ஏழு வருடங்களில் கதிரோடு சேமித்து வைத்ததால்தான் பஞ்சம் வந்த ஏழு வருடங்களை ஒரு நாடு தாண்டியது. வெளிநாட்டுப் பணம் வரும் வீடுகளும் இதை யோசிக்க வேண்டும். வரும் பணம் முழுவதையும் மாடி வீட்டுக்கும் கலியாணத்துக்கும் கொட்டிவிட்டு, ஒரு நாள் விமானத்தில் வெறுங்கையோடு வந்து இறங்கும் பிள்ளையை எந்த ஒப்பந்தமும் காப்பாற்றாது.

சிறிய நாடு பெரிய நாடுகளின் சண்டையை நிறுத்த முடியாது. 1952 இல் நாம் செய்தது, அந்தச் சண்டைக்கு நடுவில் நமது மக்களின் சோற்றுப்பானை எங்கே இருக்கிறது என்று பார்த்து முடிவெடுத்ததுதான். கட்சிக் கொள்கை ஒரு பக்கம் இழுத்தது, வல்லரசின் மிரட்டல் மறுபக்கம் இழுத்தது. இருந்தும் கணக்குப் பார்த்து, விலையும் கொடுத்து, கையெழுத்து வைத்தார்கள். அந்தக் கணக்கைப் பார்க்கப் பழகுவதுதான் வரலாற்றுப் பாடத்தின் பயன்.

நமது வீடுகளில் அந்தக் காலத்தைக் கண்டவர்கள் இன்னும் ஓரிருவர் இருக்கிறார்கள். கூப்பன் புத்தகம், சங்கக்கடை வரிசை, சீன அரிசியின் ருசி, இறப்பர் சீட்டுக் காயவைத்த புகைக்கூடம் என்று அவர்கள் பேசத் தொடங்கினால் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதிவையுங்கள். அவர்கள் போனபின் இந்த வரலாற்றை எந்தப் பாடநூலும் அந்த ருசியோடு சொல்லாது.